வானியலாளர் நியமனமும் தேசிய விஞ்ஞான நிறுவனமும்: கொடைக்கானல், கொழும்பு அனுபவங்கள் பற்றிய ஓர் ஒப்புநோக்கு

ஹெவ்லொக் டவுனிலிருந்து ஹெவ்லொக் வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்பவர் தும்முல்லைச் சந்தியை அடைந்து, பௌத்தாலோக மாவத்தையிற் சற்றுத் தூரம் நடந்தால், கொழும்பு அவதான நிலையம் அமைந்துள்ள வளவைக் காணலாம். முன்னர் புல்லேர்ஸ் வீதி என வழங்கிய இவ்வீதியில் 1907 இல் நில அளவைத் திணைக்களத்தின் கீழ் இந்நிலையம் தொடங்கப்பட்டது. பெயரால் இஃது அவதான நிலையம்; ஆயினும் இங்கு பெரிதும் அவதானிக்கப்பட்டு வந்தவை மழையும் காற்றும் வெப்பநிலையுமே. விண்மீன்களைப் பற்றிய ஆய்வு இந்நாட்டின் அரச நிறுவனம் எதனுள்ளும் உறுதியாக வேரூன்றியதாகக் கூறமுடியாது. இத்தகைய நாட்டில், 1980 களின் தொடக்கத்தில், தேசிய ஆய்வு நிறுவனம் ஒன்றின் தலைமைப் பொறுப்பு வானியலாளர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்நியமனம் எதனைச் சாதித்தது, எதனைச் சாதிக்கவில்லை, அதற்கான காரணிகள் யாவை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தனித்து நோக்கின் இவ்வினாவுக்குத் தெளிவான விடை கிடைப்பது அரிது. எனவே தமிழகத்தில் 1960 இல் நிகழ்ந்த பிறிதொரு நியமனத்துடன் இதனை ஒப்பிட்டு நோக்குவது பயனுடைத்து என நாம் கருதுகின்றோம்.

நியமனம் மறுக்கப்பட்ட காலம்

நமது பிரதேசத்தில் நவீன வானியல் குடியேற்ற ஆட்சியின் தேவைகளையொட்டியே தோன்றியது. கப்பற் போக்குவரத்துக்கும் நில அளவைக்கும் சரியான நேரமும் நெட்டாங்கும் வேண்டப்பட்டமையால், கிழக்கிந்தியக் கம்பனி சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 இல் அவதான நிலையம் ஒன்றை அமைத்தது. அங்கு நிறுவப்பட்ட கருங்கற்றூணிற் பொறிக்கப்பட்ட வாசகங்களுள் தமிழும் ஒன்றாகும். தூணிலே தமிழுக்கு இடமளித்த அந்நிறுவனம், தலைமைப் பதவியில் இந்நாட்டவருக்கு இடமளிக்கவில்லை.

இதற்குச் சிந்தாமணி ரகுநாதாச்சாரியின் வாழ்வு தக்க சான்றாகும். பொக்ஸன் அரசாங்க வானியலாளராக 1861 முதல் 1891 இல் இறக்கும்வரை பதவி வகித்தார். அவரின் கீழ் முதலாம் உதவியாளராகப் பணியாற்றியவர் ரகுநாதாச்சாரி. 1867 இல் ரெற்றிக்குலம் என்னும் விண்மீன் தொகுதியிலுள்ள ஒரு விண்மீனின் ஒளி கூடிக் குறையும் இயல்பினை அவர் கண்டறிந்தார். 1872 இல் இங்கிலாந்தின் வேத்தியல் வானியற் கழகம் அவரைத் தன் உறுப்பினராக்கியது. 1874 டிசம்பரில் வெள்ளிக்கோள் சூரியனின் முகத்தைக் கடந்த நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்குமுகமாக இந்திய மொழிகள் சிலவற்றிலே சிறுநூல் வெளியிட்டார். இத்துணைத் தகுதியிருந்தும் 1880 இல் மறையும்வரை அவர் உதவியாளராகவே இருந்தார். இதனைத் தனி ஒருவருக்கு நேர்ந்த அநீதியாக மாத்திரம் கொள்ளலாகாது. அவதானிப்பவன் சுதேசியாகவும், அவதானத்தின் நோக்கத்தைத் தீர்மானிப்பவன் அந்நியனாகவும் இருந்த அக்கால அமைப்பின் விதியே அது.

ஈழத்தின் நிலையும் இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. 1823 இல் நிறுவப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியில் வானியல் ஒரு பாடமாகப் போதிக்கப்பட்டது. அதன் அதிபர்களுள் ஒருவரான ஹொய்சிங்ரன், தமிழ்க் கணித மரபினை ஆங்கில விளக்கத்துடன் நூலாக்கி 1848 இல் யாழ்ப்பாணத்தில் வெளியிட்டார். கிரகணக் கணிப்புத் தொடர்பாக மிசனரிமாருக்கும் பஞ்சாங்க கணிதர்க்குமிடையே எழுந்த விவாதங்கள் அக்கால யாழ்ப்பாணச் சமூகத்திற் பெரும் பேச்சாயின. ஆயினும் அம்முயற்சி வகுப்பறையையும் மத விவாத மேடையையும் தாண்டி, தொடர்ச்சியான ஆய்வு நிறுவனமாக வளரவில்லை.

கொடைக்கானல்: 1960

சென்னையின் வானியற் பணி பின்னர் கொடைக்கானலுக்குச் சென்றது. 1899 இல் அங்கு சூரிய ஆய்வுக்கான அவதான நிலையம் இயங்கத் தொடங்கிற்று. சூரிய கரும்புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909 இல் எவர்ஷெட் கண்டறிந்தது அங்கேதான். இந்நிலையம் இந்திய வளிமண்டலவியல் திணைக்களத்தின் கீழ் வைக்கப்பட்டிருந்தது. மழை பொய்ப்பதற்கும் சூரியனின் மாற்றங்களுக்கும் தொடர்புண்டோ என்று அறிய அரசு விரும்பியமையே இதற்கொரு காரணமாகும். 1937 இல் ஏ. எல். நாராயணன் அதன் பணிப்பாளரானபோதுதான் இந்தியர் ஒருவர் முதன்முதலாக அப்பொறுப்பை ஏற்றார்.

1960 இல் வைனு பாப்பு பணிப்பாளராக நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 32. 1927 இல் சென்னையிற் பிறந்த அவர், ஹைதராபாத் நிஜாமியா அவதான நிலையத்திற் பணியாற்றிய தந்தையாரிடமிருந்தே வானியலில் ஈடுபாடு கொண்டார். 1949 இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது தாம் எடுத்த ஒளிப்படத் தட்டொன்றிற் புதிய வால்வெள்ளியைக் கண்டார். அது அவருடையதும், ஆசிரியர் பொக், சகமாணவர் நியூகேர்க் ஆகியோருடையதுமான பெயர்களால் வழங்குகிறது.

அவரது முக்கிய ஆய்வினை ஈண்டுச் சற்று விளக்குதல் வேண்டும். விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் அதிற் பல கருங்கோடுகள் தோன்றும். அவற்றுள் கல்சியத்துக்குரியதும் கே கோடு எனப்படுவதுமான கோட்டின் நடுவில், வெப்பம் குறைந்த விண்மீன்களில், மெல்லிய ஒளிக்கோடு ஒன்று காணப்படும். அவ்வொளிக்கோட்டின் அகலம் விண்மீனின் உண்மைப் பிரகாசத்தோடு சீராக அதிகரிக்கின்றது என்பதை அமெரிக்க வானியலாளர் ஒலின் வில்சனும் பாப்புவும் 1957 இல் எடுத்துக்காட்டினர். ஒரு விளக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதைக்கொண்டு மட்டும் அதன் தூரத்தைச் சொல்லமுடியாது. அதன் உண்மையான வலுவும் தெரிதல் வேண்டும். கோட்டின் அகலத்தை அளந்தால் விண்மீனின் வலு தெரியும். வலு தெரிந்தால் தூரத்தைக் கணிக்கலாம். வில்சன்–பாப்பு விளைவு எனப்படும் இத்தொடர்பு அவருக்கு உலகப் புகழை ஈட்டிக் கொடுத்தது.

எனினும் நமது ஆய்வுக்கு முக்கியமானது அவரது புகழன்று. பதவியேற்றபின் அவர் செய்தவையே. கொடைக்கானல் பகலில் சூரியனை நோக்கத் தக்கதாயினும் இரவு வானத்துக்கு உகந்ததன்று. எனவே 1960 களில் அவர் தக்க இடம் தேடும் பணியை மேற்கொண்டார். இறுதியில் வாணியம்பாடியை அடுத்த ஜவ்வாது மலையில் காவலூர் என்னும் சிற்றூர் தெரிவுசெய்யப்பட்டது. (காவலூர் என்றதும் நம்மவர் ஊர்காவற்றுறையையே நினைப்பர், இது வேறு.) கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீற்றர் உயரத்திலுள்ள அவ்விடம் நிலநடுக்கோட்டுக்கு அண்மித்தது, ஆகையால் வடவானத்தையும் தென்வானத்தின் பெரும்பகுதியையும் அங்கிருந்து நோக்கலாம். 1968 இல் அங்கு முதலாவது தொலைகாட்டி இயங்கத் தொடங்கிற்று. அதன் ஆடி விட்டம் 38 சென்ரிமீற்றர் மாத்திரமே. அது கடையில் வாங்கப்பட்டதன்று. நிறுவனத்தின் சொந்தப் பட்டறையிலே ஆக்கப்பட்டது.

1972 இல் ஜெர்மன் ஜனநாயகக் குடியரசின் ஜேனா நகரிலுள்ள சைஸ் நிறுவனத்தின் 1 மீற்றர் தொலைகாட்டி காவலூரில் நிறுவப்பட்டது. 1977 மார்ச் 10 ஆம் திகதி யுறேனசு கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் வளையங்கள் அமெரிக்க விமான அவதான நிலையத்திலிருந்து கண்டறியப்பட்டன. அதே இரவில் காவலூர்த் தொலைகாட்டியும் வளையங்களால் ஏற்பட்ட மறைப்பைப் பதிவு செய்தது. ஒரு மலைக்கிராமத்திலிருந்து பெறப்பட்ட அவதானம் உலக விஞ்ஞானத்தின் பொது உடைமையாயிற்று.

இவையாவற்றிலும் முக்கியமான நிகழ்ச்சி 1971 ஏப்ரல் 1 ஆம் திகதி நிகழ்ந்தது. அன்று கொடைக்கானல் அவதான நிலையம் வளிமண்டலவியல் திணைக்களத்திலிருந்து பிரிக்கப்பட்டு, இந்திய வான்பௌதிக நிறுவனம் என்னும் சுயாதீன நிறுவனமாயிற்று. அதன் முதற் பணிப்பாளர் பாப்புவே. திணைக்களத்தின் கிளையாக இருந்தது, தன் ஆய்வின் திசையைத் தானே தீர்மானிக்கும் தகுதியை அன்று பெற்றது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட அந்நிறுவனம் 2.3 மீற்றர் தொலைகாட்டியொன்றை இந்தியாவிலேயே ஆக்கும் பணியில் ஈடுபட்டது. 1979 இல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தெரிவான பாப்பு, அத்தொலைகாட்டி முற்றுப்பெறுமுன்பே 1982 ஆகஸ்டு 19 ஆம் திகதி மியூனிக் நகரிற் காலமானார். பணி நிற்கவில்லை. அவர் பயிற்றுவித்தவர்கள் அதனை முடித்தனர். 1986 ஜனவரியில் அதற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ஒரு நியமனம் வெற்றிபெற்றதா என்பதை அறியச் சிறந்த அளவுகோல், நியமனம் பெற்றவர் இல்லாதபோது நிகழ்வதே எனலாம்.

கொழும்பு: 1982

இனி நமது நாட்டு நியமனத்தை நோக்குவோம். 1939 இல் கொழும்பிற் பிறந்த சந்திரா விக்கிரமசிங்க, றோயல் கல்லூரியிலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் கற்றுக் கணிதத்தில் முதல் வகுப்பிற் சித்தியடைந்தார். பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று பிரெட் ஹொயிலின் மாணவரானார். விண்மீன்களுக்கிடையே பரந்துள்ள தூசு யாதாலானது என்பதே அவர் எடுத்துக்கொண்ட பிரச்சினை. நிலவற்ற இரவில் பால்வீதியை நோக்கினால் ஆங்காங்கே கரிய திட்டுகள் தெரியும். அவை வெற்றிடங்களல்ல; பின்னாலுள்ள விண்மீன்களின் ஒளியைத் தூசு மறைப்பதால் தோன்றுபவை. அத்தூசு பனிக்கட்டித் துணிக்கைகளாலானது என்னும் கருத்தே அன்று செல்வாக்குப் பெற்றிருந்தது. ஹொயிலும் விக்கிரமசிங்கவும் 1962 இல் அது காரீயம், அதாவது காபனின் ஒரு வடிவம், ஆகலாம் என முன்மொழிந்தனர். 1970 களில் சிக்கலான சேதனச் சேர்வைகள் அத்தூசில் உண்டென வாதிட்டனர். விண்வெளித் தூசிற் காபனுக்கும் சேதன மூலக்கூறுகளுக்கும் முக்கிய இடமுண்டு என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்டுள்ளது. ஆனால் அவ்விருவரும் அடுத்து வைத்த அடி, அஃதாவது அத்தூசில் நுண்ணுயிர்களே உள்ளன, உயிர் வால்வெள்ளிகள் மூலம் பூமிக்கு வந்தது என்னும் கருத்து, விஞ்ஞானிகளிற் பெரும்பாலாராற் புறக்கணிக்கப்பட்டது.

1973 முதல் வேல்ஸ் நாட்டின் கார்டிவ் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பேராசிரியராக விளங்கிய அவர், 1981 ஆம் ஆண்டின் பாராளுமன்றச் சட்டத்தால் உருவாக்கப்பட்ட அடிப்படை ஆய்வுகள் நிறுவனத்தின் முதற் பணிப்பாளராக 1982 இல் பொறுப்பேற்றார். ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனவின் நேரடி ஆதரவு அதற்கிருந்தது. நிறுவனத்தின் ஆளுநர் சபைக்கு அன்று ஜனாதிபதியே தலைவராக இருந்தார். 1982 டிசம்பரில் கொழும்பில் நடைபெற்ற தொடக்க மாநாட்டின் பொருள் அடிப்படை ஆய்வுகளும் விஞ்ஞானத்தின் எதிர்காலமுமாகும். கோட்பாட்டு விஞ்ஞானத்துக்கென இச்சிறு தீவில் ஒரு நிறுவனம் தோன்றியது வரவேற்கத்தக்க நிகழ்ச்சியே. பயன்பாட்டு விஞ்ஞானமே ஏழை நாட்டுக்கு ஏற்றது, அடிப்படை வினாக்களைச் செல்வந்த நாடுகள் எழுப்பட்டும் என்னும் அடிமை மனப்பான்மைக்கு அது மறுப்பாக அமைந்தது.

ஆயின் அவ்வாண்டுகளின் சமூகச் சூழலை மறந்து நாம் இதனை மதிப்பிடலாகாது. அடிப்படை ஆய்வுக்கென ஒரு நிறுவனத்தைச் சட்டமியற்றி அமைத்த அதே 1981 ஆம் ஆண்டில்தான், ஏறத்தாழ 97,000 நூல்களுடன் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. நிறுவனம் இயங்கத் தொடங்கி நெடுநாள் ஆகுமுன் 1983 ஜூலை வன்செயல்கள் வெடித்தன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இப்பத்திரிகை வெளிவரும் ஹெவ்லொக் டவுன் சுற்றாடலிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல தம் வீடுகளை இழந்து அகதி முகாம்களை நாடின. பின்வந்த ஆண்டுகளில் ஆசிரியர்களும் பொறியியலாளர்களும் மருத்துவர்களும் பெருந்தொகையாக நாட்டைவிட்டு நீங்கினர். ஒரு கையால் அறிவு நிலையங்களை நிறுவி, மறு கையால் அறிவுடையோர் வாழமுடியாத நிலையைத் தோற்றுவிக்கும் ஓர் அரசில், எத்துணைத் திறமை வாய்ந்த பணிப்பாளராயினும் தேசிய நிறுவனமொன்றைத் தேசிய நிறுவனமாக்குவது எங்ஙனம்?

விக்கிரமசிங்கவின் பதவிக்காலம் குறுகியதாயிற்று. 1984 இல் சிறில் பொன்னம்பெரும பொறுப்பேற்றார். காலியிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்று, இலண்டனில் மார்க்சிய விஞ்ஞானியான பேர்னாலிடம் பயின்ற அவர், உயிரின் இரசாயனத் தோற்றம் பற்றிய ஆய்வில் உலகறிந்தவர். அவர் காலத்தில் நிறுவனம் கண்டி ஹந்தானைக்கு மாறிற்று. ஆய்வின் அழுத்தமும் இரசாயனம், உயிரியல், பொருட்பண்பியல் ஆகிய துறைகளுக்குச் சென்றது. இன்றும் அது தேசிய நிறுவனமாக இயங்குகின்றது. மதிக்கத்தக்க ஆய்வுகள் அங்கு நிகழ்கின்றன. ஆனால் வானியலாளர் ஒருவரைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய அந்நிறுவனத்தின்வழி இந்நாட்டில் வானியல் ஒரு பரம்பரையாக வளரவில்லை என்பதே நாம் காணும் உண்மையாகும்.

ஒப்புநோக்கில் வெளிப்படுவன

இவ்விடத்தில் எழக்கூடிய ஆட்சேபம் ஒன்றுண்டு. இந்தியா பெரிய நாடு, இலங்கை சிறியது, இரண்டையும் ஒப்பிடுவது முறையாகுமா என வினவலாம். இவ்வாட்சேபத்தில் உண்மையுண்டு. 2.3 மீற்றர் தொலைகாட்டியை நாம் ஆக்கியிருத்தல் வேண்டுமென எவரும் எதிர்பார்க்கமாட்டார். ஆனால் 1968 இல் காவலூரிற் கண்விழித்தது 38 சென்ரிமீற்றர் ஆடியே என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். இலங்கைக்கு 1996 இல் ஜப்பானின் அன்பளிப்பாகக் கிடைத்து, மொறட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் அமைக்கப்பட்ட தொலைகாட்டியின் விட்டம் 45 சென்ரிமீற்றர். அளவில் நமது கருவியே பெரியது. எனவே வேறுபாடு அளவிலன்று. ஒன்று இடம்தேடி, ஆடியைத் தேய்த்து, பழுதுகளைத் தாமே திருத்தி, அம்முயற்சியிலேயே ஒரு தொழில்நுட்பக் குழுவை உருவாக்கிய கருவி. மற்றது ஆக்கி முடிந்தபின் வந்துசேர்ந்த கருவி. முன்னையது ஆட்களை உருவாக்கிற்று; பின்னையது ஆட்களை எதிர்பார்த்து நின்றது.

இரண்டாவது வேறுபாடு நிறுவனத்தின் சுயாதீனம் தொடர்பானது. அரசின் ஆதரவின்றி விஞ்ஞானம் வளராது; பாப்புவும் அரசின் ஆதரவைப் பெற்றவரே. ஆயின் அவர் அவ்வாதரவைப் பயன்படுத்தித் தம் நிறுவனத்தைத் திணைக்களப் பிணைப்பிலிருந்து விடுவித்தார். கொழும்பிலோ ஆட்சித் தலைவரே ஆளுநர் சபையின் தலைவராக இருந்தார். இது தொடக்கத்தை விரைவுபடுத்தும், தொடர்ச்சியை உறுதிப்படுத்தாது. புரவலரின் கவனம் எப்பக்கம் திரும்புகிறதோ அப்பக்கம் நிறுவனமும் திரும்ப நேரிடும்.

மூன்றாவது, விமர்சன மரபு பற்றியது. 2012 டிசம்பரில் பொலனறுவைப் பிரதேசத்தில் வீழ்ந்த விண்கல்லில் நுண்ணுயிர்ச் சுவடுகள் உள்ளனவென விக்கிரமசிங்க குழுவினர் அறிவித்தபோது, அவை பூமியிலிருந்தே கலந்தவை என்றும், அக்கல் விண்கல்தானா என்பதே ஐயத்துக்குரியது என்றும் விஞ்ஞானிகள் பலர் மறுத்தனர். துணிவான கருதுகோள்கள் விஞ்ஞானத்துக்குத் தேவை. அவற்றை முன்வைத்தமைக்காக ஒருவரை இகழ்தல் முறையன்று. ஆனால் அக்கருதுகோள்களை உடனிருந்து சோதித்து, வேண்டின் மறுத்துரைக்கும் ஒரு வானியற் சமூகம் உள்நாட்டில் இருத்தல் வேண்டும். தலைவரின் கருத்தைத் தலைவரின் மாணவரே மறுக்கக்கூடிய இடந்தான் ஆய்வு நிறுவனம்; ஏனையவை கௌரவ மண்டபங்கள்.

2019 இல் இந்திய வான்பௌதிக நிறுவனத்தின் பணிப்பாளராக அன்னபூரணி சுப்பிரமணியம் நியமிக்கப்பட்டமை இத்தொடரில் வைத்து நோக்கத்தக்கது. அப்பதவிக்கு வந்த முதற் பெண் அவரே. பாலக்காட்டில் வளர்ந்த அவர், விண்மீன் கொத்துகள் பற்றிய கலாநிதிப்பட்ட ஆய்வினை 1990 களில் அதே நிறுவனத்திற் செய்தவர். 2015 இல் ஏவப்பட்ட அஸ்ட்ரோசற் செய்மதியின் புறஊதாத் தொலைகாட்டிப் பணியில் முக்கிய பங்காற்றியவர். ரகுநாதாச்சாரிக்குக் கிட்டாதது, 1937 இல் ஒருவருக்குக் கிட்டியது, 1960 இல் வெளிநாட்டிற் பயின்ற இளைஞருக்கு வழங்கப்பட்டது, 2019 இல் அந்நிறுவனமே பயிற்றுவித்த ஒரு பெண்ணைச் சென்றடைந்தது. நியமனம் என்பது ஓர் உத்தரவுக் கடிதமன்று, ஒரு சமூக வரலாற்றின் விளைவு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு யாதெனில், புகழ்பெற்ற விஞ்ஞானி ஒருவரை அழைத்துத் தலைமையில் அமர்த்துவதால் மட்டும் விஞ்ஞானம் வேரூன்றுவதில்லை என்பதாகும். பட்டறை, அவதானத்துக்குரிய இடம், சுயாதீனமான நிர்வாகம், மறுத்துரைக்கும் மாணவர் என்பன ஒருங்கு அமைதல் வேண்டும். இவை யாவற்றுக்கும் மேலாக, நாட்டின் எல்லா இனத்து மாணவரும் அச்சமின்றி நுழையக்கூடியதாக அந்நிறுவனத்தின் வாயில் இருத்தல் வேண்டும்.

நம் நாட்டின் உலர்வலயத்தில், வன்னியிலும் மன்னாரிலும், நகர வெளிச்சம் எட்டாத இரவு வானம் இன்னும் உண்டு. அங்கு ஒரு சிறு தொலைகாட்டியை நிறுவி, அதன் ஆடியையும் தாங்கியையும் நம் பல்கலைக்கழகப் பட்டறைகளிலேயே ஆக்கி, தமிழ் மொழிமூலமும் சிங்கள மொழிமூலமும் கற்கும் மாணவர் ஒன்றாக அமர்ந்து மாறொளி விண்மீன்களை அளப்பது நம் சக்திக்கு அப்பாற்பட்ட கனவன்று. ரகுநாதாச்சாரி 1867 இற் செய்த பணியும் அத்தகையதே. அதனைத் தொடங்குவதற்கு ஒரு பணிப்பாளரின் நியமனத்துக்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அவ்வாறு தொடங்கிய இடத்திலிருந்து பின்னொரு நாள் ஒரு பணிப்பாளர் தோன்றுவாராயின், அந்நியமனமே உண்மையிற் தேசிய நியமனமாக அமையும்.